வேலையை விட்ட காரணம்

ஐம்பத்தோராம் தெரு முனைக் கடையில்
பொத்தான், பென்சில், ஊதுபத்தியோடு
வேலை கேட்கும் ஃபாரமும் தொங்குகிறது.
ஒன்று இருநூறு கியாட்.
மூன்று வாங்கினேன்.
முதலாவதைக் கெடுப்பேன் என்று தெரியும்,
இரண்டாவதையும்.

படம் நேற்றே எடுத்தாயிற்று.
"தனாக்காவத் துடைச்சிட்டு வா" என்றான்
ஸ்டூடியோக்காரன்.
கன்னத்து வட்டங்கள் இரண்டும் போனதும்
கண்ணாடியில் கொஞ்சம் வயதான ஒருத்தி.
ஆறு பிரதி.
கைப்பேசிக் கடைக்கு ஒன்று போதும்.
மீதி ஐந்து
அங்கே வேண்டாமென்று சொன்னால்.

பெயர்: நீலா வின்.
நீலா என்றால் பர்மியருக்கு நீலக்கல்,
வீட்டில் சும்மா நீலா.
வின் மட்டும் நான்காம் வகுப்பில்
வருகைப் பதிவேட்டில் வந்து ஒட்டிக்கொண்டது.
யாரும் கூப்பிடவில்லை,
போகச் சொல்லவும் இல்லை.

தகப்பன் பெயர்: ஊ மாசிலாமணி.
கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே தொங்கியது,
பஸ் படியில் நிற்கிறவன் மாதிரி.
முதல் ஃபாரம் போச்சு.
அவர் மலேசியாவில் எந்த ஊரில் இருக்கிறார் என்று
நல்லவேளை, எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

உயரம்: ஐந்தடி ஒன்று. செருப்போடு.
இனம், மதம்: சின்னக் கட்டம்.
"அட்டையில என்ன இருக்கோ அதையே போடு"
என்றாள் சூ மியட்.
அட்டை இன்னும் வரவில்லை.
'விண்ணப்பித்துள்ளேன்' என்று எழுதி
மை காய ஊதினேன்.
தேவைக்கு மேல் கொஞ்சம் ஊதினேன்.

சூ மியட்டிடம் ஒரு வாக்கியம் இருந்தது,
அவள் அக்கா மூன்று வேலைக்கு எழுதிய வாக்கியம்:
கடின உழைப்பாளி, எல்லோரோடும் ஒத்துப்போவேன்,
அழுத்தத்தைத் தாங்குவேன்.
நானும் எழுதிக்கொண்டேன்.
"அழுத்தம்னா என்னன்னு கேட்டா?"
"கரண்ட் போனா கத்தமாட்டேன்னு சொல்லு."

அப்புறம் அனுபவம்.
முதலாளி, பதவி, சம்பளம்,
வேலையை விட்ட காரணம்.
சூ மியட் நான்கிலும் ஒரே கோடாக இழுத்து
எழுந்து போய்விட்டாள்.
எனக்குக் கோடு வரவில்லை.

பதினொரு வயதிலிருந்து
விடியற்காலை நாலரைக்கு அம்மாவின் தோசை வண்டி.
இரவில் கரண்ட் எந்த மணிக்கு வருமோ
அந்த மணிக்கு எழுந்து மாவரைத்தது.
எட்டுப் பேர் கேட்டதைத் தாளில்லாமல் நினைவில் வைத்தது.
கிழிந்த நோட்டை
நீட்டியவர் முகம் பார்க்காமல் திருப்பித் தந்தது.
சைக்காக்காரரிடம் பர்மியில்,
பூக்கார அக்காவிடம் தமிழில்,
வெள்ளைக்காரனிடம் விரலில் கணக்குச் சொன்னது.
இதெல்லாம் அனுபவமா,
இல்லை வீடா?

முதலாளி: அம்மா
என்று எழுதி, அடித்து,
இரண்டாவது ஃபாரமும் போச்சு.

மூன்றாவதில்
முதலாளி: டோ தைலம்மை.
இவ்வளவு மரியாதையாக
அம்மாவை நான் எழுதியதில்லை.
பதவி: உதவியாளர்.
அதோடு பேனா நின்றது.

அம்மா கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
"என்ன கேக்குறான்?"
வாசித்துக் காட்டினேன்.
சம்பளத்துக்குச் சிரித்தாள்.
"அம்பதாயிரம்னு போடு.
கம்மியாப் போட்டா அவனும் கம்மியாத்தான் குடுப்பான்."
அடுத்ததுக்குச் சிரிக்கவில்லை.
சட்டினி வாளியை மூடினாள்.
திறந்து பார்த்தாள்.
மறுபடி மூடினாள்.

"கடையில ஆள் போதும்னு எழுது."

வண்டிக்கு அந்தப் பக்கம் அவள்.
இந்தப் பக்கம் நான்.

எழுதினேன்.
கட்டத்துக்குள் சரியாக அடங்கியது.

கைப்பேசிக் கடை ஒன்பதுக்குத் திறக்கும்.
எட்டரை வரைக்கும்
தோசைக்கு ஆள் வருவார்கள்.